ஒரு நட்டும் விழக்கூடாது

என் வீட்டுக்காரர் மாட்டுச் சாளைக்குள் நுழைந்து, சுவரைப் பார்த்து, "ஏம்புள்ள, என்ற சைக்கிள் எங்க?" என்று கேட்டபோது, அதன் பின்சக்கரம் என் மடியில் இருந்தது. முன்சக்கரம் என் முதுகுக்குப் பின்னால். கேரியர் மேல் நானே உட்கார்ந்திருந்தேன்.

"இங்கதானுங்க இருக்குது," என்றேன்.

பொய் இல்லை. முழு சைக்கிளும் அங்கேதான் இருந்தது. ஒன்றோடு ஒன்று சேர்ந்து இல்லை, அவ்வளவுதான்.

சுவரில் ஆணியில் வெறும் ஃபிரேம் தொங்கியது. சாளை முழுக்க மண்ணெண்ணெய் வாசம். ஒரு கிண்ணத்தில் சக்கரத்துக்குள் இருக்கிற பால்ரஸ் குண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. எருமை இரண்டு தடவை தும்மிவிட்டு, எங்களை மாறி மாறிப் பார்த்தது.

"நான் என்ன செத்துப் போயிட்டனா? உசுரோட இருக்கறப்பவே பங்கு பிரிக்கற?"

"நீங்க ஓட்டி எத்தன காலமாச்சுங்க? இத்தன நாளா கோழிதான் அதும்மேல உக்காந்து ஓட்டிட்டு இருந்துது."

"ஆருக்கு இது?"

"உங்க மருமவளுக்குத்தானுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். எங்கள் வீட்டில் அவர் துண்டை உதறினால் சண்டை இன்னும் முடியவில்லை, சாப்பிட்டுவிட்டு வந்து தொடரும் என்று அர்த்தம்.

பால் பொறுக்குமா?

இந்தப் பத்திரிகையில் போன வாரம் வந்த, என் பல்செட்டு ஆற்றில் போன கதையைப் படித்துவிட்டு, "ஒரு வாரமாச்சும் என்னையப் பத்தி எழுதக்கூடாதா?" என்று அவர் கேட்டார். எழுதிவிட்டேன். இனி அவர் பாடு.

நான் இரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கவிதாதான் எழுதுகிறாள். அதனால் இந்த வாரம் மருமகளைப் பற்றி நல்ல விதமாக மட்டுமே வரும். நான் வேறு மாதிரி சொன்னாலும் அவள் எழுத மாட்டாள்.

கவிதா பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம், கேரளத்துக்குள். நடுவில் ஒரு செக்போஸ்ட்டுதான். ஆனால் செக்போஸ்ட்டைத் தாண்டினால் போர்டெல்லாம் மலையாளத்தில் சுருண்டுகொள்ளும். வந்த புதிதில் அவள் பஸ் போர்டைப் பார்த்து, "ஏனுங்கத்த, இது போர்டா, ஜிலேபியா?" என்று கேட்டாள். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

மூன்று நாலு ஓணத்துக்கு முன்னால் பால் சொசைட்டியில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. பாலை அளந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுகிற வேலை. பிளஸ் டூ படித்தவள், கணக்கு நன்றாக வரும். திங்கட்கிழமை முதல் வர வேண்டும், வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், பால் விடியும் முன்பே வந்துவிடும். பஸ் வெயில் ஏறிய பிறகுதான் வரும். சொசைட்டி கனால் கரையோடு நாலைந்து மைல்.

என் மகன் லாரி ஓட்டுகிறான். எங்கேயோ வடக்கே இருந்துகொண்டு போனில், "அம்மா, பொங்கலுக்கு வந்து ஸ்கூட்டர் எடுத்துத் தாரேன். அதுவரைக்கும் அவள ஊட்ல இருக்கச் சொல்லு," என்றான்.

"பால் பொங்கல் வரைக்கும் பொறுக்குமாடா? திரிஞ்சு போயிரும்," என்றேன்.

அவன் அப்பாவும் அவன் பக்கம். "புதுசு வர்ற வரைக்கும் பொறுக்கோணும். அவசரப்பட்டு என்னத்தக் கண்டோம்?" என்றார்.

கவிதா அன்று சாயங்காலம் எருமைக்குத் தண்ணி காட்டும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "காத்தால எந்திரிச்சா எனக்குன்னு போறதுக்கு ஒரு எடம் வேணுங்கத்த. கோயிலும் வேண்டாம், கடையும் வேண்டாம். எம்பேரச் சொல்லி, 'ஏன் இன்னும் வரல'ன்னு கேக்கற எடம்."

அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலையில் ஸ்பேனரை எடுத்தேன்.

முதுகில் ஏழு

உங்களுக்கு எப்படி ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்று சிலர் கேட்பீர்கள். என் அப்பா வேலந்தாவளத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுப்பார். சைக்கிள் முதுகில், பின் மட்காடுக்கு மட்காடு, வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு நம்பர் இருக்கும். நான் எண்ணப் படித்தது அந்த மட்காடுகளில்தான். அதனால்தான் எனக்கு ஏழு என்றால் இன்றைக்கும் செயின் கழன்றுகொள்ளும் என்று தோன்றும். ஏழாம் நம்பர் அப்படிப்பட்ட சைக்கிள்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கோணல் எழுத்துக்கு அடித்தார். அப்பா கோணல் சக்கரத்தைக் கையில் கொடுத்து, "கோட்டம் எடு" என்றார். ரிம்மைச் சுழல விட்டு, எந்தக் கம்பி இழுக்கிறது, எந்தக் கம்பி தொங்குகிறது என்று பார்த்து, ஒன்றை முறுக்கி ஒன்றைத் தளர்த்த வேண்டும். எழுத்தின் கோணலை எப்படி எடுப்பது என்று அந்த வாத்தியாருக்கும் தெரியவில்லை. நான் சக்கரத்தோடு தங்கிவிட்டேன்.

ஒருமுறை பால்ரஸ் குண்டுகளை ஊறப்போட பாத்திரம் கிடைக்காமல் ரசக் கிண்ணத்தில் போட்டேன். அம்மா அது தெரியாமல் அதிலேயே ரசம் ஊற்றிவிட்டாள். அன்றைக்கு ரசத்தை மெல்ல வேண்டியிருந்தது. என் மாமா ஒருவர் மட்டும் "மொளகு நெம்ப நல்லாருக்குது" என்றார்.

கல்யாணமாகி வந்த பிறகு நான் ஸ்பேனரைத் தொட்டது, குழாயை முறுக்குவதற்கு மட்டும்தான். ஆனால் கை மறக்கவில்லை. நாக்கும் மறக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

ராவுத்தர் கடை

என் வீட்டுக்காரர் சைக்கிளில் சக்கரம் நன்றாக இருந்தது, கேரியர் கல் மாதிரி இருந்தது. ஆனால் ஆம்பிளை வண்டி. நடுவில் குறுக்குக் கம்பி. சேலையோடு அதில் ஏறுவதற்குச் சர்க்கஸில் சேரலாம்.

அதனால் நாங்கள் இருவரும் ராவுத்தரின் ஆக்கிரிக் கடைக்குப் போனோம். பழைய இரும்பு வாங்குகிற கடைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். ராவுத்தர் நல்ல மனுஷர். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் சம்பந்தம் பேசி முடித்துவிடுவார்.

"எந்தா அக்கா, விக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?"

"எங்கூட்டுக்காரர விக்கலாம்னு வந்தனுங்க. எடைக்கு எடுப்பீங்களா?"

"துரும்பு ஏறுன சாதனம் எடுக்கறதில்லக்கா." மலையாளத்தில் துரும்பு என்றால் துரு, சாதனம் என்றால் சாமான்.

கடையின் பின்னால் மலை மாதிரி சைக்கிள்கள் குவிந்து கிடந்தன. வெயிலில் இரும்பு வாசமும் பழைய ரப்பர் வாசமும். ஒரு மணி நேரம் நானும் கவிதாவும் அந்தக் குவியலில் புகுந்தோம். கடைசியில் அடியில் ஒரு லேடீஸ் ஃபிரேம். சக்கரம் இல்லை, சீட்டு இல்லை. ஆனால் எங்கேயும் ஒரு கீறல் இல்லை. யாரோ ஒரு டீச்சரம்மா கையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த மாதிரி.

இன்னொரு வண்டியிலிருந்து ஹேண்டில்பார், பால்காரருடையதாக இருக்க வேண்டும், கேன் மாட்டித் தேய்ந்த தடம் இருந்தது. பெடல் ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. செயின் மட்டும் நல்லதாகப் பார்த்து எடுத்தோம். என்னுடைய ஓட்டை அலுமினியக் குண்டாவையும் இரண்டு பழைய கலப்பைக் கொழுமுனைகளையும் ராவுத்தர் தராசில் வைத்து, "சரியாப் போச்சு, எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வெளியே வரும்போது தங்கமணி எதிரே வந்தாள். ரேஷன் கடைக்காரர் மனைவி. அப்போதுதான் வாங்கிய கியர் சைக்கிளில் வந்தாள். ரோஸ் கலர். பாலித்தீன் உறையைக் கூடச் சீட்டிலிருந்து எடுக்கவில்லை.

"ஏனுங்க்கா, எதாச்சு ஆக்ஸிடென்ட்டுங்களா?" என்றாள், எங்கள் தோளில் இருந்த ஃபிரேமைப் பார்த்து.

"இல்லீங் கண்ணு. இது இப்பத்தான் ஆசுபத்திரிக்குப் போகுது. உன்றது எப்போ?"

அவள் கியரை மாற்றி, டிக் டிக் என்று போய்விட்டாள்.

ஏலப்பாறைச் செருப்பு

பிரேக்குக்கு ரப்பர் கட்டை கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் பிஸ்கட் மாதிரி உடைந்தது. அப்போதுதான் எனக்கு ஏலப்பாறை ஞாபகம் வந்தது.

என் தங்கச்சி அந்த மலை ஊரில் தேயிலை எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டவள். எத்தனையோ வருஷமாக அங்கே இருந்து இருந்து அவள் தமிழே மாறிவிட்டது. ஒருமுறை போயிருந்தபோது, அந்த மலையில் ஒரே ஒரு ஆள் சைக்கிள் வைத்திருப்பதைக் கண்டு அசந்துபோனேன்.

"ஏக்கா, அவன் கிறுக்கன்லா," என்றாள் தங்கச்சி. "ஏத்தத்துல அவன் சைக்கிளச் சொமப்பான். எறக்கத்துல சைக்கிள் அவனச் சொமக்கும். ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒத்துமை."

இறக்கத்தில் அந்த ஆள் பிரேக்கே பிடிக்க மாட்டார். பழைய லாரி டயரில் வெட்டிய செருப்பு மாட்டிய காலைச் சக்கரத்தின் மேலே வைத்து அழுத்துவார். மூடுபனிக்குள்ளிருந்து முதலில் கருகல் வாசம் வரும், பிறகு அவர் வருவார். தேயிலைப் பெண்கள் வாசம் பிடித்தே வழி விடுவார்கள்.

அப்படியானால் டயர்ச் செருப்பு பிரேக் பிடிக்கும். எங்கள் வீட்டுக்காரரின் பழைய டயர்ச் செருப்பு கட்டிலடியில் கிடந்தது. அரிவாள்மணையில் வைத்து நாலு துண்டாக நறுக்கினேன்.

சக்கரம் போனபோதுகூட அவர் அவ்வளவு கத்தவில்லை.

"மொதல்ல என்ற சைக்கிள். அப்பறம் என்ற செருப்பு. நாளைக்கு என்னையவே அறுத்துச் சீட்டுல போடுவ!"

"சீட்டு கெடச்சிருச்சுங்க."

பந்தயம்

சேர்த்து முடித்தபோது அது ஒரு மாதிரியான வண்டிதான். பக்கத்து வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டை அடித்தோம். பச்சை ஃபிரேம், துருப்பிடித்த நட்டுகள், கறுப்புப் பெடல், சிவப்புப் பெடல். நாலைந்து செத்த சைக்கிள்கள் சேர்ந்து உயிர் பிழைத்து வந்த மாதிரி இருந்தது. கவிதா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். என் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது.

இவர் ஒரு முறை ஹேண்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இது பாதி வழில கழண்டுக்கும். கனால் கரைல, இருட்டுக்குள்ள, என்ற மருமவ ஒரு கைல ஹேண்டிலும் ஒரு கைல சக்கரமும் வெச்சுட்டு நிப்பா. ஊரே சிரிக்கும். நான் உடமாட்டன்."

"கழலாதுங்க மாமா," என்றாள் கவிதா.

"கழலாதா? செரி. ஞாயித்துக்கெழம வாயனசாலை மைதானத்துல ஓணப் போட்டி இருக்குதுல்ல? பொம்பளைக சைக்கிள் போட்டி. அந்தக் கோட்டுல இருந்து இந்தக் கோட்டுக்கு ஊர் பாக்க ஓட்டு. ஒரு நட்டு, ஒரே ஒரு நட்டு உளுகாம வந்துட்டீன்னா, திங்கக்கெழம வேலைக்குப் போ. நான் வாய் தொறக்கல. உளுந்துச்சுன்னா, வண்டி ராவுத்தர் கடைக்குப் போயிரோணும். நீ பொங்கல் வரைக்கும் ஊட்டுல."

கவிதா என்னைப் பார்த்தாள். நான் எருமையைப் பார்த்தேன்.

"செரிங்க மாமா," என்றாள் அவள்.

வாயனசாலை என்றால் படிப்பகம். அது நடத்தும் அந்தப் போட்டியைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். முந்தின நாள் கனாலில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது மைக் கட்டிய ஆட்டோ ஒன்று கரையில் போனது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் யாரையும் முழுசாகப் பேச விடாது. அரை வார்த்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எருமை வேறு அந்த நேரம் பார்த்து 'ம்ம்மா' என்றது. என் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"சைக்கிள் மத்சரம்... அவச... எத்துன்ன ஆளுக்கு ஒந்நாம் சம்மானம்!"

மத்சரம் என்றால் மலையாளத்தில் போட்டி. எத்துறது என்றால் போய்ச் சேருவது. ஒந்நாம் சம்மானம் என்றால் முதல் பரிசு. நடுவில் காற்று தின்ற வார்த்தையை நான் நிரப்பிக்கொண்டேன். அவசரம். வேறென்ன? சைக்கிள் போட்டியில் அவசரமாகப் போகிறவளுக்குத்தானே பரிசு?

கவிதாவிடம் அப்படியே சொன்னேன். நோட்டீஸும் ஒட்டியிருந்தார்கள். ஆனால் அது முழுக்க ஜிலேபி. எனக்கும் படிக்கத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

முறுக்கு

சனிக்கிழமை முழுக்க நான் செய்த ஒரே வேலை முறுக்கியதுதான்.

சக்கரத்து நட்டு, மட்காடு நட்டு, கேரியர் நட்டு, சீட்டு நட்டு, ஸ்டாண்டு நட்டு. ஸ்பேனருக்குக் குழாய் சொருகி, அதன் மேல் ஏறி நின்று முறுக்கினேன். ஒரு நட்டு விழுந்தால் என் மருமகளின் வேலை விழுந்தது. கை கொப்புளித்தது, விடவில்லை.

பிறகு சக்கரத்துக்கு உள்ளே இருக்கிற கோன். பால்ரஸை அழுத்திப் பிடிப்பது அதுதான். கொஞ்சம் இறுக்கினால் சக்கரத்தின் ஆட்டம் நிற்கும். ரொம்ப இறுக்கினால் சக்கரமே நிற்கும். இதை என் அப்பா எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் காலத்தில் என் வீட்டுக்காரர் பந்தயம் கட்டவில்லையே. அதையும் முறுக்கினேன். பிரேக் கட்டையும் நழுவிவிடக்கூடாதென்று ரிம்மோடு ஒட்டி வைத்து முறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல மழை. வண்டியை ஓட்டிப் பார்க்க முடியவில்லை. மழை விட்டதும் மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

"ஏனுங்கத்த, வண்டி வரமாட்டீங்குது," என்றாள் கவிதா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"புது மாட்ட நுகத்துல கட்டுனா மொத நாளு அப்பிடித்தான் கண்ணு. ஊரப் பாத்து வெக்கப்படுது."

மைதானம்

வாயனசாலை மைதானம் பூக்கோலமும் மைக் செட்டுமாக இருந்தது. ஓணத்து ராஜா மாவேலியின் வேஷம் போட்டிருந்தவர் எங்கள் ஊர் டீக்கடைக்காரர். ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு, பூணூல் வயிற்றில் வழுக்க வழுக்க இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஸ்டூலின் மேல் பரிசு இருந்தது: ஒரு முழு நேந்திர வாழைக் குலை. பழுத்து, மஞ்சளும் கறுப்புமாக, அந்த மழை ஈரத்தில் வாசமடித்தது.

சுண்ணாம்புப் பொடியில் கோடு கிழித்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். தங்கமணி ரோஸ் சைக்கிளோடு வரிசையின் கடைசியில். சீட்டில் இன்னும் பாலித்தீன் உறை. மைக்காரர் மலையாளத்தில் வேகவேகமாக விதிகளைச் சொன்னார். மைக் கீச்சென்று கத்தியது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கவிதாவும் ஆட்டினாள்.

என் வீட்டுக்காரர் கோட்டுக்கு ஓரமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார். தொலைந்த தோட்டைத் தேட வந்தவர் மாதிரி.

விசில் ஊதினார்கள்.

மற்ற பெண்கள் நகரவே இல்லை. சைக்கிளில் ஏறிக்கொண்டு, ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பி, கள்ளுக்கடைக்குப் போய் வந்தவர்கள் மாதிரி நின்ற இடத்திலேயே ஆடினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். என் மருமகளைப் பார்த்து எல்லோரும் மிரண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கவிதா பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். முழு பலத்தையும் போட்டு மிதித்தாள். வண்டி நகர்ந்தது. ஆனால் எப்படி நகர்ந்தது! சேற்றில் எருமை படுத்திருக்கும்போது வாலைப் பிடித்து இழுத்தால் எழுந்து வருமே, அந்த வேகம். கோன் பிடிக்கிறது, பிரேக் கட்டை உரசுகிறது, சேறு இழுக்கிறது. 'க்ரீச் க்ரீச்' என்று சத்தம்.

"மிதி கண்ணு! மிதி! அவசரமாப் போ!" என்று நான் கத்தினேன்.

மைதானமே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. என் பக்கத்தில் நின்ற மலையாளத்துப் பெண்கள், "பதுக்கே, மோளே, பதுக்கே!" என்று கத்தினார்கள். பதட்டத்தில் எனக்கு அது தமிழாகவே கேட்டது. எதைப் பதுக்கச் சொல்கிறார்கள்? குலையையா?

அதற்குள் இரண்டு பெண்கள் தடுமாறிக் காலை ஊன்றிவிட்டார்கள். கொடி காட்டி அவர்களை ஓரமாக நிறுத்தினார்கள். இன்னொருத்தி ஆட முடியாமல் விர்ரென்று முன்னால் போய்க் கோட்டைத் தாண்டிவிட்டாள். போனவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஜெயித்தவள் எதற்குத் தலையில் கை வைக்கிறாள் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தங்கமணி மட்டும் ஊசி முனையில் நிற்கிற மாதிரி நின்றாள். அசையவில்லை. கவிதா வியர்த்து வழிந்து பக்கத்தில் கடந்து போகும்போது திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள், கத்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குலுங்கினாள். குலுங்கின குலுக்கலில் அவள் சீட்டு பொம்மைத் தலை மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. 'ஐயோ' என்று காலை ஊன்றினாள். கொடி.

அதே நேரம் என் வீட்டுக்காரர் குனிந்து சேற்றிலிருந்து எதையோ எடுத்தார். கையை உயர்த்தினார்.

"உளுந்துருச்சு! நட்டு உளுந்துருச்சு!"

கவிதா அதைக் கேட்டாள். ஆனால் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே மிதித்தாள், க்ரீச் க்ரீச் என்று, ஒவ்வொரு மிதியாக, கோட்டைத் தாண்டும் வரை. தாண்டியதும் சைக்கிளைப் பிடித்தபடியே நின்று என்னைப் பார்த்தாள்.

"கோட்டத் தாண்டுனதுல நான்தான் கடைசிங்கத்த," என்றாள். "நட்டும் போச்சுங்க."

அவசானம்

மைக் மறுபடியும் கீச்சிட்டது. "அவசானம் எத்திய கவிதாவுக்கு ஒந்நாம் சம்மானம்!"

இந்த முறை காற்று இல்லை, எருமையும் இல்லை. அவசரம் இல்லை. அவசானம்.

அவசானம் என்றால் கடைசி. அது எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை. மாசக் கடைசியில் தங்கமணியின் வீட்டுக்காரர் ரேஷன் கடை வாசலில் நின்று "இன்னிக்கு அவசானம்" என்று கத்துவதைக் கேட்டுத்தான் நான் ஓடியிருக்கிறேன். மெதுவாகப் போகிற போட்டி அது. அந்தப் பெண்கள் கத்திய 'பதுக்கே'வுக்கும் மெதுவாக என்றுதான் அர்த்தம். காலை ஊன்றாமல் கடைசியாக வருகிறவளுக்கே பரிசு. என் மருமகள் முழு பலத்தோடு வேகமாகப் போகப் பார்த்து, கால் ஊன்றாமல் மெதுவாகப் போய் ஜெயித்துவிட்டாள்!

ஊரில் எத்தனையோ பேர் ஓணத்துக்கு ஜெயித்திருக்கிறார்கள். தான் ஜெயிப்பது தெரியாமல் அழுதுகொண்டே ஜெயித்தவள் அவள் ஒருத்திதான்.

நான் உடனே நிமிர்ந்து நின்றேன். "அதுக்குத்தான் முறுக்குனன்," என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன்.

ஆனால் இவர் விடவில்லை. நட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "சம்மானம் கெடக்கட்டும். பந்தயம் என்ன? நட்டு இங்க இருக்குது."

கவிதா முகம் மறுபடியும் சுருங்கியது. அவளுக்கு அந்தக் குலை எதற்கு? திங்கட்கிழமைதான் அவளுக்கு வேண்டியது.

மாவேலி ஓலைக்குடையை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சைக்கிளைப் பார்த்தார். கூட்டம் சுற்றிக்கொண்டது. சக்கரத்து நட்டு இருக்கிறது. மட்காடு இருக்கிறது. கேரியர் இருக்கிறது. சீட்டு, ஸ்டாண்டு, எல்லாம் இருக்கிறது. ஒன்றைக் கையால் திருகிப் பார்த்தார். விரல்தான் திரும்பியது.

"எல்லாம் உண்டல்லோ," என்றார் மாவேலி.

அப்போதுதான் கவிதா தன் மாமனார் கையில் இருந்த நட்டைப் பார்த்தாள்.

"மாமா, சித்தே காட்டுங்க." வாங்கி, சேற்றை முந்தானையில் துடைத்தாள். கண்ணாடி மாதிரி பளபளத்தது. "நம்ம வண்டில இப்பிடி பளபளன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

இல்லை. எங்கள் வண்டியில் இருப்பதெல்லாம் துருப்பிடித்த கிழட்டு நட்டுகள். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி, ரோஸ் சைக்கிளின் கோணிப்போன சீட்டைப் பார்த்தார்கள். தங்கமணி பாலித்தீன் உறையை மெதுவாக இழுத்து மூடினாள்.

இவர் துண்டை எடுத்தார். உதறப் போகிறார் என்று நினைத்தேன். உதறவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாவேலி குலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை எங்கே வைப்பது என்று கவிதா திகைத்தாள்.

"என்ன பாக்கற? கேரியர்ல வெய்யி," என்றார் இவர். "அது என்ற கேரியர். மூட்டை மூட்டையா நெல்லு தூக்குனது. ஒரு கொலைக்கு வளையுமா?"

வீடு வரும் வரைக்கும் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் இவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார்: "சக்கரம் என்றது. கேரியர் என்றது. பிரேக்குல இருக்கறது என்ற செருப்பு." அவர் ஜெயித்த மாதிரியே நடந்தார். நான் விட்டுவிட்டேன். குலையில் பாதியை அன்றைக்கே அவர்தான் தின்றார்.

திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நான் கோனைத் தளர்த்தினேன், பிரேக்கை விலக்கினேன். சக்கரம் ஒரு தட்டுக்கே 'விர்ர்' என்று வெகு நேரம் சுழன்றது. அந்தச் சத்தம் என் அப்பா கடையின் சத்தம்.

திங்கட்கிழமை விடியலில் கவிதா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினாள். இவர்தான் காற்றடித்துக் கொடுத்தார். கனால் கரைப் பனைமரங்களுக்கு நடுவே பச்சை வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவள் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காதது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அவளுக்கு ஒரு நாள் காய்ச்சல். போகவில்லை. சொசைட்டியிலிருந்து போன் வந்தது. "கவிதா ஏன் இன்னும் வரல?" என்று கேட்டார்கள். போர்வைக்குள் இருந்தபடியே அவள் சிரித்தாள். பாதிக் காய்ச்சல் அப்போதே இறங்கிவிட்டது.

பொங்கலுக்கு மகன் வந்து ஸ்கூட்டர் வாங்கித் தரட்டுமா என்று கேட்டான். "பெட்ரோலுக்கு ஆரு கியூவுல நிக்கறது?" என்றாள் அவள்.

அதற்குள் எங்கள் சாளையில் எருமை நிற்க இடமில்லாமல் போயிருந்தது. ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து, வீட்டுப் பரணில் கிடந்த, கிணற்றடியில் கிடந்த சைக்கிள்களைக் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி வண்டிச் சக்கரம் இன்னொருத்தி ஃபிரேமுக்குப் போனது. யார் வண்டி யாருடையது என்று எனக்கே தெரியாது. எல்லாம் ஓடின.

ஒரு நாள் மத்தியானம் தங்கமணி வந்தாள். ரோஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதற்குள் கியர் சிக்கியிருந்தது, மட்காடு லொடலொடவென்று ஆடியது, சீட்டு இன்னும் ஒரு பக்கம் கோணியிருந்தது. எருமைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சுற்றிலும் இருந்த பழைய வண்டிகளை ஒரு முறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஏனுங்க்கா, இதக் கொஞ்சம் பழசு பண்ணிக் குடுக்க முடியுங்களா?"